நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மாதிரிப் பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைகளின் பெற்றோர், கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோர், பிள்ளையை அனுப்பிவிட்டு அந்தக் காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் என மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகள் இவை. நான் சாதாரண அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

எந்தப் பள்ளிகளைப் பற்றிய பேச்சு இது?

தமிழ்நாட்டில் 2021-22 கல்வியாண்டில் 10 மாவட்டங்களில் தொடங்கி, இன்று 38 மாவட்டங்களிலும் இருக்கும் அரசு மாதிரிப் பள்ளிகளைப் பற்றி. இவை உண்டு உறைவிடப் பள்ளிகள். மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஒரே இடத்தில் தங்கவைத்துப் படிக்கவைக்கிறார்கள். பள்ளிப் பாடத்தோடு ஜே.இ.இ., நீட், சட்டப் படிப்புக்கான கிளாட் போன்ற நுழைவுத் தேர்வுகளுக்கும் தயார்செய்கிறார்கள். கட்டணம் கிடையாது.

இந்த யோசனை நமக்கு மட்டும் உரியதல்ல. மத்திய அரசின் ஜவஹர் நவோதயா வித்யாலயா, பீகாரின் சிமுல்தலா உறைவிடப் பள்ளி, நியூயார்க்கின் ஸ்டைவசன்ட், இங்கிலாந்தின் கிராமர் பள்ளிகள் என்று பெயர் மாறும். பொறுக்கி எடுத்துத் தனியாகப் படிக்கவைப்பது மாறாது. இலங்கையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் நம் கேள்விகளுக்குப் பதில் தேட மற்றவர்களின் அனுபவம் நிறையவே இருக்கிறது.

மாதிரிப் பள்ளியும் தகைசால் பள்ளியும் ஒன்றா?

இல்லை. 2022 செப்டம்பர் 5 அன்று சென்னையில் ஒரே மேடையில் 26 தகைசால் பள்ளிகளும் 15 மாதிரிப் பள்ளிகளும் தொடங்கிவைக்கப்பட்டதால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

தகைசால் பள்ளி என்பது ஏற்கெனவே இருக்கும் ஒரு பள்ளியைக் கட்டடம், ஆய்வகம், நூலகம், விளையாட்டு என்று மேம்படுத்துவது. அங்கே யார் படிக்க வந்தாலும் அந்த வசதி அவர்களுக்குத்தான். மாதிரிப் பள்ளியிலோ முதலில் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்று பள்ளியைத் தூக்கிவிடும் யோசனை, மற்றது பிள்ளையைத் தூக்கிவிடும் யோசனை. இரண்டுக்கும் ஒரே நாளில் கொடியசைத்தது தற்செயலோ என்னவோ, இந்த விவாதம் முழுவதும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

மாதிரிப் பள்ளியிலிருந்து ஐ.ஐ.டி.க்கே போகிறார்கள். அப்படியென்றால் அது நல்ல பள்ளிதானே?

நல்ல பள்ளியாக இருக்கலாம். ஆனால் அதற்கு அந்த ரிசல்ட் மட்டும் சாட்சி ஆகாது. உயரமான பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்ட ஒரு விடுதி, 'எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டால் உயரமாகலாம்' என்று போர்டு வைத்தால் நாம் சிரிப்போம். பள்ளி விஷயத்தில் மட்டும் சிரிக்காமல் அட்மிஷனுக்கு வரிசையில் நிற்கிறோம்.

பீகாரைப் பாருங்கள். நேதர்ஹாட் என்ற புகழ்பெற்ற உறைவிடப் பள்ளி மாநிலப் பிரிவினையில் ஜார்க்கண்டுக்குப் போய்விட்டது. அதற்கு ஈடாக 2010இல் சிமுல்தலாவில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். மாநிலம் முழுவதிலிருந்தும் தேர்வு வைத்து ஆண்டுக்கு 120 பேரை 6ஆம் வகுப்பில் சேர்த்தார்கள். 2015, 2016 ஆண்டுகளில் பீகார் பத்தாம் வகுப்புத் தேர்வின் முதலிடப் பட்டியலை ஏறக்குறைய முழுவதுமாக அந்த ஒரே பள்ளி நிரப்பியது. அதில் ஆசிரியர்களின் உழைப்பு எவ்வளவு, பொறுக்கி எடுத்ததன் பலன் எவ்வளவு? பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறது. கட்-ஆஃபுக்குச் சற்று மேலே நின்று உள்ளே போன பிள்ளையையும், அரை மார்க்கில் வெளியே நின்ற பிள்ளையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. இருவரும் திறமையில் ஏறத்தாழ ஒன்றுதான். சேர்ந்த பள்ளி மட்டும்தான் வேறு. அப்துல்காதிரோக்லு, ஆங்ரிஸ்ட், பதக் என்ற மூன்று பொருளியலாளர்கள் பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிகளை இப்படித்தான் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். (இவர்களில் ஆங்ரிஸ்ட் பின்னால் 2021இல் நோபல் வாங்கியவர்.) 1635இல் தொடங்கிய பாஸ்டன் லத்தீன் பள்ளியும் அந்த ஆய்வில் உண்டு. உள்ளே போனவர்கள் மாநிலத் தேர்வுகளிலும் கல்லூரி நுழைவுத் தேர்விலும் வெளியே நின்றவர்களைவிடப் பெரிதாக முந்தவில்லை என்பதுதான் முடிவு. கென்யாவின் தேசியப் பள்ளிகளை லூக்கஸ், ம்பிட்டி என்ற இருவர் ஆராய்ந்தபோதும் கிட்டத்தட்ட இதே விடை வந்தது.

உடனே 'அப்போ எல்லாம் பொய்' என்று முடிவுகட்ட வேண்டாம். டிரினிடாடில் கிராபோ ஜாக்சன் செய்த ஆய்வில் நல்ல பள்ளிக்குப் போனவர்களுக்கு உண்மையிலேயே பலன் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு அதிகமாகவே இருந்தது. ருமேனியாவில் சிறு முன்னேற்றம் தெரிந்தது, கூடவே ஒரு வேடிக்கையும் வெளிப்பட்டது: பிள்ளை நல்ல பள்ளிக்குப் போனதும் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்து பாடம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகள் கட்-ஆஃபை ஒட்டி நின்ற பிள்ளைகளைப் பற்றியவை. மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த பிள்ளையைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை.

அப்படியானால் என் மகளை அனுப்பாமல் இருந்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பாஸ்டனில் இடம் கிடைக்காத பிள்ளை என்ன ஆகிறது? பெரும்பாலும் வேறொரு சுமாரான பள்ளிக்குப் போகிறது. அங்கே இயற்பியல் ஆசிரியர் இருப்பார், நூலகம் இருக்கும், எந்தக் கல்லூரிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்ல ஓர் ஆள் இருப்பார். அதனால்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

உங்கள் ஊர்ப் பள்ளியில் முதுகலை இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் கதை வேறு. பிள்ளை எதை விட்டுவிட்டு எங்கே போகிறது என்பதுதான் கணக்கு. போகிற பள்ளியின் பெருமையை மட்டும் பார்க்காமல், விட்டுவிட்டு வரும் பள்ளியின் நிலையைப் பாருங்கள். ஊரில் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருந்து, வீட்டில் படிக்க இடமும் அமைதியும் இருந்தால் மாதிரிப் பள்ளியால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான். ஒற்றை அறை வீடு, இரவில் விளக்கை அணைத்தால்தான் மற்றவர்கள் தூங்க முடியும், பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்றால் கிடைப்பது மிக அதிகம்.

பாடத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. அது தகவல். முதல் தலைமுறையாகப் படிக்கிற வீட்டில் ஜே.இ.இ. விண்ணப்பம் எந்த மாதம் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. நம் மாநிலத்து பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களுக்குப் போதாது, அவர்களின் படிவத்தில் கிரீமிலேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும் என்பதும் தெரியாது. ஆதாரில் ஓர் இனிஷியல், மார்க் ஷீட்டில் ஓர் இனிஷியல் என்று இருந்தால் கடைசி நேரத்தில் என்ன பாடு படவேண்டியிருக்கும் என்பதும் தெரியாது. வேதியியலில் 100 வாங்கிவிட்டு இந்த மாதிரி ஒரு தாளில் சறுக்கிய பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. மாதிரிப் பள்ளியில் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., சட்டப் பல்கலைக்கழகம், வடிவமைப்புக் கல்வி நிறுவனம் என்று பிள்ளைகள் பரவலாகப் போவதற்கு இது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். இதைச் செய்ய விடுதி தேவையில்லை என்பது வேறு விஷயம். அதற்குப் பின்னால் வருவோம்.

இங்கே முதல் ரேங்க். அங்கே போய் இருபதாவது ரேங்க் ஆகிவிட்டால் மனசு உடைந்துவிடாதா?

சிலருக்கு உடையும். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980களிலிருந்து இதை ஆராய்ந்து வருகிறார். ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளிக்குப் போன பிள்ளை 'நான் சுமார்தான்' என்று நினைக்கத் தொடங்குகிறது. சாதாரணப் பள்ளியில் இருக்கும் பிள்ளை தன்னை உயர்வாக நினைத்துக்கொள்கிறது. பல நாடுகளில் மறுபடி மறுபடி இது தெரியவந்திருக்கிறது.

முதல் இரண்டு மூன்று மாதங்கள்தான் கடினம். அந்தச் சமயத்தில் வீட்டிலிருந்து போன் போட்டு 'எத்தனையாவது ரேங்க்?' என்று கேட்பதை நிறுத்துங்கள். 'சாப்பிட்டாயா, யார் ஃபிரெண்டு?' என்று கேளுங்கள். ரேங்க் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாமா?

வரலாம். பழைய பள்ளி சேர்த்துக்கொள்ளும். திரும்பி வருவதை ஊர் முன் அவமானமாக ஆக்குவது நாம்தான். பத்தாம் வகுப்பின் நடுவிலோ பன்னிரண்டாம் வகுப்பின் நடுவிலோ மட்டும் மாற்றாதீர்கள்.

அவர்கள் போனபின் ஊர்ப் பள்ளி என்ன ஆகும்?

இதைப் பெற்றோர் கேட்பதில்லை, ஆசிரியர்கள்தான் கேட்கிறார்கள். எனக்கு இதுதான் முதல் கேள்வி.

ஒரு வகுப்பில் 35 பேர் என்று வையுங்கள். அதில் நான்கைந்து பேர் எதைச் சொன்னாலும் பிடித்துக்கொள்வார்கள். நான் கரும்பலகையில் ஒரு வழியில் போட்ட கணக்கை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து பெஞ்சுக்கு அவர்கள் வேறு வழியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்லிப் புரியாதது அவர்கள் சொல்லிப் புரிந்துவிடும். ஏனென்றால் எங்கே தடுக்குகிறது என்பது அவர்களுக்கு நேற்றைய அனுபவம், எனக்கு முப்பது வருடப் பழைய விஷயம். அந்த நாலைந்து பேரில் இரண்டு பேர் போய்விட்டால் வகுப்பில் கேள்வி கேட்கும் சத்தமே குறைகிறது. ஆசிரியருக்கும் உற்சாகம் குறையும். இதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை. கேள்வி வந்தால்தான் தயாரித்துக்கொண்டு போகத் தோன்றும்.

அடுத்தது 11ஆம் வகுப்பு. கணிதம், இயற்பியல், வேதியியல் சேர்ந்த குரூப்பை எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான். ஏற்கெனவே பன்னிரண்டு பேர் இருந்த குரூப்பில் நால்வர் குறைந்தால் எட்டு. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கிட்டுத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் உபரி என்று காட்டி, பணிநிரவலில் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். ஆசிரியர் போனால் அடுத்த வருடம் குரூப்பே ஆட்டம் காணும். குரூப் இல்லையென்றால் சுமாராகப் படிக்கும், ஆனால் இன்ஜினீயரிங் ஆசை உள்ள பிள்ளை பக்கத்து ஊருக்குப் பஸ் ஏற வேண்டும், இல்லை ஆசையை விட வேண்டும். நன்றாகப் படித்த பிள்ளை மேலே போனதற்கான செலவை நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளை கட்டுகிறது. அந்த ரசீது எந்த அறிக்கையிலும் வராது.

அப்புறம் ரிசல்ட் மீட்டிங். மாவட்ட அளவில் தேர்ச்சி விழுக்காட்டையும் சென்டம் எண்ணிக்கையையும் வைத்துக்கொண்டு 'உங்கள் பள்ளியில் ஏன் குறைந்தது?' என்பார்கள். 'சார், பிள்ளைகளை உங்கள் உத்தரவுப்படி அனுப்பிவைத்தோம்' என்று எழுந்து சொல்கிற தைரியம் எல்லாத் தலைமையாசிரியருக்கும் இருக்காது.

இவ்வளவு சொன்னாலும், 'அதனால் அந்தப் பிள்ளையை அனுப்பாதே' என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கூலித் தொழிலாளியின் மகளிடம், 'நீ இங்கேயே இருந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடு, உன் எதிர்காலம் பரவாயில்லை' என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளையை எப்போதோ தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அவர்களை யாரும் இப்படிக் கேட்கவில்லை. பிள்ளை போகட்டும். ஆனால் அனுப்பிய பள்ளிக்கு அரசு ஈடுகட்ட வேண்டும்.

எப்படி என்றால்: மாதிரிப் பள்ளிக்குப் போன பிள்ளையைப் பணியிட நிர்ணயத்தில் பழைய பள்ளியின் கணக்கிலும் வைக்கலாம். அந்தப் பிள்ளையின் ரிசல்ட்டில் பழைய பள்ளிக்கும் பங்கு தரலாம். மாதிரிப் பள்ளியில் தயாராகும் வினாத்தாள், பாடக் குறிப்பு, வீடியோ எல்லாவற்றையும் அதே வாரத்தில் மாவட்டத்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பலாம். முக்கியமாக, மேலே சொன்ன அந்தத் தகவல் வேலையை விடுதிச் சுவருக்கு வெளியே கொண்டுவந்து, ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் அதற்கென்று நேரம் ஒதுக்கப்பட்ட ஓர் ஆசிரியரை வைக்கலாம். 'நான் முதல்வன்' திட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்கும் ஆசிரியர் மற்ற எல்லா வேலையையும் பார்த்துக்கொண்டுதான் அதையும் பார்க்கிறார்.

தனிப் பள்ளி எதற்கு? அதே பள்ளியில் தனி செக்ஷன் போட்டால் போதாதா?

கென்யாவில் டுஃப்லோ, டுபா, கிரேமர் மூவரும் செய்த சோதனை ஒன்று 2011இல் வெளியானது. கூடுதல் ஆசிரியர் கிடைத்த 121 தொடக்கப் பள்ளிகளில், பாதியில் மதிப்பெண் பார்த்து இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். மீதியில் கலந்தே வைத்தார்கள். பிரித்த பள்ளிகளில் நன்றாகப் படிப்பவர்களும் முன்னேறினார்கள், பின்தங்கியவர்களும் முன்னேறினார்கள். பிள்ளைகள் ஒரே மாதிரி நிலையில் இருந்ததால் ஆசிரியரால் அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து தொடங்க முடிந்தது.

நம்மூர் 'ஏ செக்ஷன்' இது அல்ல. இங்கே ஏ செக்ஷனுக்கு நல்ல ஆசிரியரைப் போடுவார்கள், டி செக்ஷனுக்கு யார் கிடைக்கிறாரோ அவரை. அந்த டி செக்ஷன் முத்திரை பிள்ளையின் நெற்றியில் பள்ளி முடியும்வரை இருக்கும். கென்யாவில் ஆசிரியர்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள் என்பதை மறந்துவிட்டு அதைக் காட்டி ஏ செக்ஷனை நியாயப்படுத்தக் கூடாது. பாடவாரியாகப் பிரிப்பது இதைவிட நல்லது. பிள்ளைகளைக் கறாராகத் தரம் பிரித்த சிங்கப்பூரே எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளை 2024இல் சேர்ந்த உயர்நிலை மாணவர்களிலிருந்து கைவிட்டு, பாடத்துக்குப் பாடம் நிலை மாறும் முறைக்கு வந்துவிட்டது. 1984இல் தொடங்கிய மீத்திறன் மாணவர் திட்டத்தையும் பழைய வடிவில் தொடரப்போவதில்லை என்று அதே ஆண்டு அறிவித்தது. மீத்திறன் பிள்ளைகளுக்கு இனி அவரவர் பள்ளியிலேயே கூடுதல் பாடம் தருவதாகத் திட்டம்.

எந்த வயதில் பிரிக்கலாம்?

எவ்வளவு தாமதமோ அவ்வளவு நல்லது.

இங்கிலாந்து 1944 சட்டத்துக்குப் பிறகு 11 வயதில் பிரித்தது. தேர்வில் தவறிய பிள்ளை அந்த வயதிலேயே 'இரண்டாம் தரம்' ஆனது. 1965க்குப் பிறகு பெரும்பாலான பகுதிகள் அதைக் கைவிட்டன. 163 கிராமர் பள்ளிகள்தான் மிச்சம். புதிதாகத் தொடங்க 1998இலிருந்து தடை. பின்லாந்து 1970களில் பிரிக்கும் வயதை 11இலிருந்து 16க்குத் தள்ளியது. பின்னால் வந்த ஆய்வுகள், அப்பாவின் வருமானம் மகனின் வருமானத்தைத் தீர்மானிப்பது அதனால் குறைந்தது என்று காட்டின.

இலங்கையைப் பாருங்கள். 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்தில், கிராமத்துப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகள் என்ற நல்ல பள்ளிகளுக்குக் கொண்டுவரத்தான் புலமைப்பரிசில் வந்தது. நோக்கம் அருமையானது. இன்று பத்து வயதுப் பிள்ளைக்கு 200 புள்ளிக்கான பரீட்சை. மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி வெட்டுப்புள்ளி (கட்-ஆஃப்) மாறும். நாலாம் வகுப்பிலிருந்தே ரியூஷன். கிராமத்துப் பிள்ளைக்குத் திறந்த கதவில் இன்று பெற்றோரின் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. அங்கே கல்வியாளர்கள் இந்தப் பரீட்சையை விட்டுவிடச் சொல்லிப் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நம் மாதிரிப் பள்ளி 9ஆம் வகுப்பில் தொடங்குவது இந்த வகையில் பரவாயில்லை. 6ஆம் வகுப்புக்கு இறக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் எதிர்ப்பேன்.

ஒரே தேர்வு வைத்து எடுப்பது நியாயம்தானே? சிபாரிசு இல்லையே?

சிபாரிசு இல்லை என்பது உண்மை. அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் நியூயார்க்கில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஸ்டைவசன்ட் முதலிய பள்ளிகளுக்கு ஒரே தேர்வு மட்டும்தான் என்று 1971இலிருந்து மாநிலச் சட்டமே இருக்கிறது. 2019இல் ஸ்டைவசன்ட் வழங்கிய 895 இடங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை 7. மேயர் டி பிளாசியோ, தேர்வை எடுத்துவிட்டு ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முதல் 7 விழுக்காட்டினரை எடுக்கலாம் என்று 2018இல் சொன்னார். ஆசியக் குடும்பங்கள் கடுமையாக எதிர்த்தன. அவர்களிலும் பலர் ஏழைகள். வயிற்றைக் கட்டி டியூஷன் பீஸ் கட்டியவர்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. யோசனை சட்டமாகவில்லை.

எனக்கு டெக்சாஸ் வழி பிடித்திருக்கிறது. கல்லூரிக்கான ஏற்பாடுதான், ஆனாலும் பாடம் ஒன்றே. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 10 விழுக்காட்டில் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் என்று 1997இல் சட்டம் போட்டார்கள். ஊரில் இருப்பதை வைத்து யார் முன்னே வந்தார்கள் என்று பார்க்கும் முறை அது. ஆனைமலை அடிவாரப் பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளையையும் கோவை நகரப் பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளையையும் ஒரே தாளில் மோதவிட்டால், டியூஷன் போனவர் ஜெயிப்பார். ஒன்றியத்துக்கு இத்தனை, பள்ளிக்கு அதிகபட்சம் இத்தனை என்று பிரித்தால் ஊர்ப் பள்ளியும் மொத்தமாகக் காலியாகாது.

நவோதயா தமிழ்நாட்டில் ஏன் இல்லை?

மொழிக் கொள்கை. 1986 தேசியக் கல்விக் கொள்கையோடு வந்த நவோதயாவில் மும்மொழித் திட்டம் உண்டு. தமிழ்நாடு இருமொழியில் நிற்கிறது. பக்கத்தில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருக்கின்றன. மொழிச் சண்டையைத் தள்ளிவைத்துப் பார்த்தால், குறைந்தது 75 விழுக்காடு இடம் கிராமப்புறத்துக்கு, மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்ற அதன் விதி நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. 6ஆம் வகுப்பிலேயே தேர்வு வைப்பது வேண்டாத ஒன்று.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். தனியார் பள்ளி ஒன்று 11க்கு இலவச இடம், ஹாஸ்டலும் இலவசம் என்கிறது. அது மேலில்லையா?

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு (2020 சட்டம்). 2021இலிருந்து இன்ஜினீயரிங் போன்ற தொழிற்படிப்புகளிலும் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. தனியார் பள்ளிக்கு மாறிய அன்றே இந்த உரிமை போய்விடும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் போகும். மாதிரிப் பள்ளி அரசுப் பள்ளிதான் என்பதால் அங்கே போனால் எதுவும் போகாது.

அந்தத் தனியார் பள்ளிக்கு உங்கள் பிள்ளை தேவைப்படுவது அடுத்த வருட பேனருக்கு. அதில் தப்பில்லை, வியாபாரம். நீங்களும் வியாபாரமாகவே பாருங்கள்.

பெண் பிள்ளையை விடுதியில் விடப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முன்சொல்லிவிட்டுப் போகாமல், ஒரு சாதாரண வார நாளில் போங்கள். இரவில் விடுதியில் இருக்கும் பெண் காப்பாளர் யார், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, தண்ணீர் எப்போது வரும், உடம்புக்கு முடியவில்லை என்றால் எந்த ஆஸ்பத்திரி, வீட்டுக்குப் போன் பேச எந்த நாள் என்று கேளுங்கள். ஏற்கெனவே படிக்கும் இரண்டு பெண்களிடம் தனியாகப் பேசுங்கள்; பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். நுழைவுத் தேர்வுப் பயிற்சி எல்லோருக்கும் கட்டாயமா, வரலாறோ வணிகவியலோ படிக்க ஆசைப்பட்டால் இடம் உண்டா, பாடம் தமிழ்வழியா ஆங்கில வழியா என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்வி, பின்னாளில் அரசு வேலைக்குப் போகும்போது தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காட்டைத் தொடும் விஷயம்.

திருமணப் பேச்சு சீக்கிரம் தொடங்கும் வீடுகளில், விடுதி ஒரு பெண்ணுக்கு நான்கு வருடம் வாங்கித் தருகிறது. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

இவ்வளவு குறை சொல்கிறீர்கள். இந்தப் பள்ளிகளை மூடிவிடலாமா?

வேண்டாம். தென்கொரியா 1974இல் சியோலிலும் பூசானிலும் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பள்ளிகளுக்கு ஒதுக்கியது. போட்டி போய்விடவில்லை, டியூஷன் கடைகளுக்கு மாறியது. 1983இலிருந்து அறிவியல் உயர்நிலைப் பள்ளிகள், பின்னர் அயல்மொழிப் பள்ளிகள் என்று தெரிவு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. அவற்றில் ஒரு பகுதியைச் சாதாரணப் பள்ளிகளாக்க 2019இல் ஓர் அரசு முடிவெடுத்தது. அடுத்து வந்த அரசு அதை ரத்துசெய்தது. பெற்றோரின் ஆசையைச் சட்டம் போட்டு மூட முடியாது. அரசு இலவசமாகத் தராவிட்டால், காசு உள்ளவர்களுக்கு மட்டும் சந்தை தரும்.

என் கருத்து இதுதான்: மாவட்டத்துக்கு ஒன்று போதும். ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் இல்லாத, வீட்டில் வசதி இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே முன்னுரிமை வேண்டும். இரண்டாவது, மூன்றாவது மாதிரிப் பள்ளிக்கான பணம் இருந்தால், அதை மேல்நிலைப் பள்ளிகளின் காலிப் பணியிடத்தை நிரப்பச் செலவழிக்க வேண்டும். ஒரு மாவட்டத்தில் மாதிரிப் பள்ளிக்கு ஏங்கும் வீடுகள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போனால், மற்ற பள்ளிகளில் ஏதோ சரியில்லை என்று அதிகாரிகள் எடுத்துக்கொள்ள வேண்டும், பெருமைப்படக் கூடாது.

எங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை. இனி என்ன?

பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் கட்-ஆஃபை ஒட்டி வெளியே நின்ற பிள்ளைகள் உள்ளே போனவர்களைவிடப் பெரிதாகப் பின்தங்கவில்லை என்று மேலே சொன்னதை அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஆறுதலுக்காகச் சொல்வதல்ல, ஆய்வு சொல்வது.

அப்புறம் வேலையைப் பாருங்கள். 8ஆம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது; தேறினால் 9 முதல் 12 வரை மாதம் 1,000 ரூபாய். கிராமப்புறப் பிள்ளைகளுக்கு 9ஆம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. தொகை சிறியது, ஆனால் தேர்வெழுதிப் பழக நல்லது. முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் 500 மாணவர், 500 மாணவிகளுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 11ஆம் வகுப்பில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. 1,500 பேருக்கு இரண்டு ஆண்டு, மாதம் 1,500 ரூபாய். அதில் பாதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. கணக்கில் மட்டும் கண் வைத்திருக்கும் வீடுகள் இந்தக் கடைசித் தேர்வைத் தவறவிடுகின்றன.

12ஆம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் ஓ.பி.சி. சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். பெயரும் இனிஷியலும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அன்றைக்கே சரிபாருங்கள். மே மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் போவார்கள், சர்வர் படுத்துவிடும்.